12 போர் (bore) துவக்குத் தோட்டாவுக்கு அளவான தோற்பட்டி: தைப்பிப்பதா, இருப்பதைத் திருத்துவதா?

காலபோகக்காரன் (கேள்வி):
வணக்கம். நான் கொக்குவிலில் வசிக்கிறேன். வயல் இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ளது. பயிர்ப் பாதுகாப்புக்கென என் பெயரில் அனுமதிப்பத்திரம் பெற்ற 12 போர் (குழாயின் உள்விட்ட அளவு) துவக்கு ஒன்று இருக்கிறது. நெல் பால் பிடிக்கும் நாட்களில் பன்றி இறங்குவதால் இரவுக் காவலுக்குப் போகிறேன். தோட்டாக்களைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்தால், அவசரத்தில் கையை விடும்போது ரோச் லைற்றும் சில்லறையும்தான் முதலில் அகப்படுகின்றன. வெளிநாட்டிலுள்ள மைத்துனர் தாம் பாவித்த, தோட்டா செருகும் 25 கண்கள் (தோல் வளையங்கள்) கொண்ட தோற்பட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். என் இடுப்பு 30 அங்குலம். கடைசித் துளையில் மாட்டினாலும் பட்டி தொய்கிறது, கண்கள் முதுகுவரை போகின்றன. சில கண்களில் தோட்டா இறுகி நிற்கிறது, சிலவற்றில் குனிந்தாலே நழுவி விழுகிறது. இதைத் திருத்தலாமா, அல்லது யாழ்ப்பாணத்திலேயே புதிதாகத் தைப்பிக்கலாமா?

வடலியடி:
சப்பாத்துத் தைப்பவர்கள் இதற்கு நேரம் ஒதுக்குவார்களோ தெரியாது. மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் நல்ல தடித்த தோல் இருக்கும்.

இடுக்கிமானி:
ஐயா, நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு குறைகள் கலந்திருக்கின்றன. பட்டி இடுப்புக்குப் பொருந்தாதது ஒன்று, கண் தோட்டாவுக்குப் பொருந்தாதது மற்றொன்று.

முதலாவது வெறுங் கணக்கு. 12 போர் தோட்டாவின் உடல் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் விட்டமுடையது. தோலின் தடிப்பையும் தையலையும் சேர்த்தால் ஒரு கண்ணுக்கு 27 மில்லிமீற்றர் தேவைப்படும். அப்படியானால் 25 கண்களுக்கு 67 சென்ரிமீற்றருக்கு மேல் போய்விடுகிறது. உங்கள் இடுப்போ 76 சென்ரிமீற்றர். எஞ்சிய இடத்தில் பக்கிளும் துளைகளும் மட்டும்தான் அடங்கும் என்பதால், எத்தனை துளை புதிதாகக் குத்தினாலும் முதுகுப் பக்கத்துக் கண்கள் அங்கேயேதான் நிற்கும். பன்றிக் காவலுக்கு 25 தோட்டா எதற்கு? ஒரு தோட்டா 40 முதல் 50 கிராம் வரை இருக்கும். பட்டி நிறைந்தால் ஒரு கிலோவுக்கு மேல் இடுப்பில் தொங்கும். 12 கண்கள் போதும். அவை 33 சென்ரிமீற்றருக்குள் அடங்கி, இரு கைகளுக்கும் எட்டும் முன்பக்கத்திலேயே நிற்கும்.

இடுப்பளவைக் காற்சட்டையின் இலக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். காவலுக்குப் போகும் உடுப்பையும் மழை அங்கியையும் அணிந்துகொண்டு, பட்டி தங்கும் இடுப்பெலும்பின் மேல் நாடாவைச் சுற்றி அளந்து, அந்த அளவு பக்கிளின் ஊசியிலிருந்து நடுத் துளைவரை வரும்படி தைக்கச் சொல்லுங்கள்.

தோற்பட்டறை:
தகப்பனார் தோல் வேலை செய்தவர் என்பதால் எழுதுகிறேன். வடலியடி அவர்கள் மன்னிக்க வேண்டும்: மிருதங்க வார் பதனிடாத தோல். காய்ந்தால் மரம்போல் விறைக்கும், மாரிப் பனியில் நனைந்தால் தொய்யும். தோட்டாப் பட்டிக்கு மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல் வேண்டும். பட்டிக்கு 4 மில்லிமீற்றர், கண்களுக்கு 2 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். கைப்பைகளுக்குப் பாவிக்கும் குரோமியத் தோல் மென்மையானது. ஈரத்தில் வைத்துப் படிய வைத்தாலும் அந்த உருவத்தில் அவ்வளவாக நிற்காது.

கண்ணை நாடாவால் அளந்து வெட்டுவதைவிட உருவத்தின் மேலேயே படிய வைப்பது நல்லது. வேர்ணியர் இடுக்கிமானியால் உங்கள் தோட்டாவை வீட்டில் அளந்து, அதே விட்டத்தில் மரக்கடைச்சலில் 12 கட்டைகள் செய்வித்துக் கொடுங்கள். நனைத்த தோலை அவற்றின் மேல் இழுத்துத் தைத்து, இரண்டு நாட்கள் நிழலில் காயவிட்டால் கண் அந்த உருவத்திலேயே இறுகிவிடும். தைப்பவரிடம் வெடிக்கக்கூடிய தோட்டாவைக் கொண்டுபோகவே வேண்டாம். சுட்ட கோதும் சரிவராது. அது புதுத் தோட்டாவைவிட மயிரிழை பருத்தும், வாய் விரிந்து நீண்டும் இருக்கும். மேலும் பல கோதுகளின் அடிப்பகுதி பித்தளை முலாம் பூசிய இரும்பு. கடுக்காய் மையில் நடப்பதுபோல, ஈரத் தோலில் இரும்பு பட்டால் கறுப்புக் கறை ஏறும்.

மைத்துனரின் பட்டியில் தளர்ந்த கண்களைத் திருத்தலாம். தையலைப் பிரித்து, தோலைச் சற்று உள்ளே இழுத்து மறுபடி தைத்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். கண்கள் தளர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தோட்டாக்களைப் பட்டியிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்ததுதான். அப்படி விட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். விடிந்ததும் தோட்டாக்களைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டு, பட்டியைக் காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். கார்த்திகை மார்கழியில் பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தேன்மெழுகு கலந்த பூச்சை மெல்லியதாகத் தடவுங்கள். எண்ணெயை ஊற்றினால் தோல் இளகி, கண் மறுபடியும் தளரும்.

காலபோகக்காரன்:
மிக்க நன்றி. 12 கண்ணுடன் புதிதாகவே தைப்பிக்கிறேன். பக்கத்து வயல்காரரிடம் 20 போர் துவக்கு (எண் கூடினால் குழாய் சிறிது) இருக்கிறது. அவருடைய தோட்டாக்களுக்கும் சேர்த்து இரண்டு சிறிய கண்கள் வைக்கலாமா?

இடுக்கிமானி:
ஒருபோதும் வேண்டாம். 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் குழாய்க்குள் போனால், தோட்டா அமரும் அறையைத் தாண்டிச் சற்று உள்ளே சறுக்கிச் சிக்கிக்கொள்ளும். இருட்டில் குழாய் வெறுமையாகத்தான் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் உங்கள் இடது கைக்கருகில் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் பூசுவது இதற்காகவே. ஆனால் நள்ளிரவில் வரம்பில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றுதான். அவர் தமக்கென வேறு பட்டி தைப்பிக்கட்டும்.