‘தொடக்க மதிப்பிடல்’ வேண்டாம், ‘தொடக்க இருப்பு’ என்போம்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மெய்ம்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்துக் கேள்வி கேட்கும் நிரல்மொழி புரோலாக். அதன் கையேட்டுக்காக ‘இனிஷியலைஸ்’ (வேலை தொடங்குமுன் தேவையானதை நிரலில் வைப்பது) என்பதற்குச் சொல் கேட்டிருந்தேன். பினாங்கு அண்ணன் ‘தொடக்க மதிப்பிடல்’ என்று எழுதினார். சி, பைத்தான் பாடங்களுக்கு நல்ல சொல்தான். அதை வைத்துப் போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் பாடம் நடத்தினேன், பத்து நிமிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

பலகையில் எல்ஆர்டி ரயில் நிறுத்தங்களை, எதற்கு அடுத்தது எது என்று, எழுதியிருந்தேன்:

அடுத்தது(கேஎல்_சென்ட்ரல், பாங்சார்).
அடுத்தது(பாங்சார், அப்துல்லா_ஹுகும்).

(புரோலாக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது மாறி. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால் நாங்கள் ஓட்டும் எஸ்டபிள்யூஐ புரோலாக் மென்பொருள் இச்சொற்களை மேற்கோள் குறி இல்லாமலே பெயர்களாக எடுத்துக்கொள்கிறது. மாறிக்குத்தான் முன்னால் அடிக்கோடு போட வேண்டும்.)

“ஐயா, இதில மதிப்பு எது?” என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. இதில் மதிப்பே இல்லை. சி மொழியில் மாறி ஒரு பெட்டி, அதில் பூஜ்யத்தைப் போட்டுத் தொடங்குகிறோம். புரோலாக்கில் ஒரு மெய்ம்மை (பலகையில் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு மெய்ம்மை) இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. மதிப்பிட அங்கே எதுவும் கிடையாது.

வேறு இரண்டு சொற்களும் வந்தன. ‘முதலிடல்’ காதில் முதலீடாகத்தான் விழுகிறது. ‘விதைத்தல்’ அழகாக இருக்கிறது, ஆனால் விதைத்தது முளைத்து வேறொன்றாகும், மெய்ம்மையோ போட்டது போட்டபடி கிடக்கும். தற்போக்கு எண்களுக்கும் ‘விதை’ என்றே சொல்லி வருகிறோம்.

எனக்கு மாமா கடை நினைவுக்கு வந்தது. பினாங்கு லெபோ பசாரில் மளிகைக் கடை, பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான். மாதம் பிறந்தால் புது நோட்டு, பொருளுக்கு ஒரு பக்கம். மேலே ‘துவரம்பருப்பு’ என்று தலைப்பு, அடுத்த வரி ‘தொடக்க இருப்பு’, பக்கத்தில் மூட்டைக் கணக்கு. பழைய நோட்டைப் பார்த்து எழுத மாமா விடமாட்டார். கிடங்குக்குப் போய் எண்ணிவிட்டு வந்துதான் எழுத வேண்டும்.

புரோலாக்கிலும் இதேதான் நடக்கிறது. ஓடும்போது மாறக்கூடிய மெய்ம்மைகளை ‘டைனமிக்’ என்று அறிவிப்பது அந்தப் பக்கத்தைத் திறப்பது. பக்கமே இல்லாத பொருளைக் கேட்டால் புரோலாக் பிழை என்று நின்றுவிடும். பக்கம் இருந்து சரக்கு இல்லையென்றால் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நோட்டுக் கதையைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. நிறுத்தங்களைச் சேர்க்கும் விதியை ஒரே அமர்வில் இரண்டு முறை அழைத்துவிட்டேன். கேஎல் சென்ட்ரலுக்கு அடுத்தது எது என்று கேட்டால் பாங்சார், மறுபடியும் பாங்சார். சேர்த்த மெய்ம்மை, புரோலாக் பின்வாங்கி வேறு விடை தேடும்போதும் அழியாது, நாமாக நீக்கும்வரை இருக்கும். அதனால் முதலில் ‘ரிட்ராக்ட்ஆல்’ போட்டுப் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதியதைச் சேர்க்க வேண்டும். நாசாவில் 1985-இல் உருவான கிளிப்ஸ் என்ற விதிவழி நிரல் கருவியில் ‘ரீசெட்’ இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறது: இருக்கிற மெய்ம்மைகளை நீக்கிவிட்டு, ‘டெஃப்ஃபேக்ட்ஸ்’ பட்டியலில் உள்ளதை உள்ளே வைக்கிறது. ‘மதிப்பிடல்’ என்ற சொல்லுக்குள் இந்தத் துடைப்பு வராது. பழைய நோட்டை மூடிவிட்டுப் புது நோட்டில் எழுதும் ‘தொடக்க இருப்பு’ என்பதில் அது தானாகவே வந்துவிடுகிறது.

ஆகவே என் பரிந்துரை, பெயராக ‘தொடக்க இருப்பு’, வினையாக ‘இருப்பு வை’. ‘முன்னிருப்பு’ என்று சுருக்க வேண்டாம், அதை ‘டிஃபால்ட்’ எடுத்துக்கொண்டுவிட்டது. ‘இருப்பிடல்’ என்றால் இருப்பிடம் குறுக்கே வருகிறது. கோப்பை ஏற்றி முடித்ததும் ஓடுகிற ‘இனிஷியலைசேஷன்’ கட்டளை வேறு விஷயம், எந்த வேலையையும் அதில் கொடுக்கலாம். அதற்குத் ‘தொடக்கக் கட்டளை’ போதும்.

அப்புறம், கணக்கு நோட்டுக்கே வந்துவிட்டோம் என்பதால், மெய்ம்மையைச் சேர்க்கும் ‘அசெர்ட்’ என்பதற்கு ‘வரவு வை’, நீக்கும் ‘ரிட்ராக்ட்’ என்பதற்குக் ‘கழி’ என்று போடலாமா? ‘கழி’ கணிதக் கழித்தலோடு மோதுமோ என்று ஒரு தயக்கம் இருக்கிறது. ‘அசெர்ட்டா’ பட்டியலின் தலையில் சேர்ப்பது, ‘அசெர்ட்ஸெட்’ கடைசியில் சேர்ப்பது. இவற்றைத் ‘தலைவரவு’, ‘கடைவரவு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘கடைவரவு’ கடைக்கு வந்த வரவு போலவே ஒலிக்கிறது. அண்ணன் இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து