வீராம்பட்டினம் தேர்த் திருவிழா: தோழியுடன் ஒரு நாள் சென்றுவர வழி சொல்லுங்கள்

கேட்பவர்: முத்தியால்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த தோழி, ஆடி ஐந்தாம் வெள்ளியை ஒட்டிக் கோயம்புத்தூரிலிருந்து என் வீட்டுக்கு வருகிறாள். மலையைப் பார்த்து வளர்ந்த அவள் கடற்கரை ஊர்த் திருவிழா எதையும் இதுவரை கண்டதில்லை. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரையும் அதைச் சுற்றிக் கூடும் கடைவீதியையும் அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவளுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் கூட்டத்தில் நிற்க முடியாது. சர்க்கரையும் உண்டு, ஆனால் புது ஊருக்குப் போனால் அந்த ஊர்ப் பண்டத்தைச் சுவைத்துப் பார்க்காமல் திரும்ப மாட்டாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் மகனோடு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, அரியாங்குப்பத்துக்கு முன்பே நெரிசலில் சிக்கி, தேரின் முதுகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தத் தவறு மீண்டும் நேரக்கூடாது. எப்போது புறப்படலாம், எங்கே நிற்கலாம், என்ன சாப்பிடலாம், இடைப்பட்ட வெயில் நேரத்தை எங்கே கழிக்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: வீராம்பட்டினத்துக்காரன்

அம்மா, நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து வீராம்பட்டினம் சுமார் 7 கி.மீ. தொலைவுதான். ஆனால் தேரன்று அந்தத் தொலைவைக் கணக்கில் கொள்ளாமல், விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் நேரில் வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைக்கும் வழக்கம் இருந்தது; அதன் தொடர்ச்சியாக இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வருகிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் பாதைகளை அடைத்துவிடுவதால், பிந்தி வருபவர்கள் வெகுதொலைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க நேரும். உங்கள் தோழியின் முழங்காலுக்கு அந்த நடை ஆகாது.

தேர் கிளம்பும் இடத்தில் நிற்க வேண்டாம். நெரிசல் முழுவதும் அங்கேதான். தேர் திரும்பும் முனைக்குச் சற்று முன்பாக, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் இடம் கேளுங்கள். எங்கள் ஊரில் அன்று திண்ணை கேட்டு யாரும் இல்லை என்று சொன்னதில்லை. முனைக்கு வந்ததும் தேர் நின்றுவிடும். முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்கு அடியில் குனிந்து கட்டையைச் செருகுவதையும், மரத்தோடு மரம் உரசிக் கருகும் வாடை எழுவதையும், ஒரு குரல் கொடுத்தவுடன் வடம் விறைத்து எழுவதையும் அங்கிருந்து பத்தடி தூரத்தில் பார்க்கலாம். தேரின் முழு அழகும் அந்தத் திருப்பத்தில் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அம்மனின் கதையையும் தோழிக்குச் சொல்லி அழைத்து வாருங்கள். வீரராகவன் என்ற மீனவரின் வலையில் மீனுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை சிக்கியது என்றும், அடுப்பெரிக்க அதை வெட்டியபோது குருதி வடிந்தது என்றும், அதன் பிறகே அதை அம்மனாக வைத்து வழிபட்டார்கள் என்றும் எங்கள் பாட்டி சொல்வார்.

உணவைப் பொறுத்தவரை, தேரன்று எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஆகவே மீன் வறுவலை எண்ணி வராதீர்கள். கூழைக் குடிக்கச் சொல்லுங்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, வெந்து குழைந்த நொய்யில் ஊற்றிக் கிளறி, ஆறிய பின் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துத் தருவார்கள். மாலையில் கடைவீதியில் மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம், பொரிகடலை, குவித்து வைத்த பேரீச்சம்பழம் எல்லாம் கிடைக்கும். அவற்றில் பஜ்ஜியை மட்டும், எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த கையோடு வாங்கிச் சாப்பிடுங்கள்.

மறுமொழி 2: மஞ்சக்குப்பம், கடலூர்

மேலே எழுதிய சகோதரர் சொன்னதில் ஒன்றோடு மட்டும் நான் உடன்படவில்லை. ஒரே நாளில் காலைத் தேரும் மாலைக் கடைவீதியும் என்றால் முழங்கால் வலி உள்ளவருக்கு மிகுதி. நடுவில் நல்ல ஓய்வு வேண்டும். நானும் என் சிநேகிதியும் கடலூரிலிருந்து ஆண்டுதோறும் வருகிறோம். பேருந்தில் புதுச்சேரி வரை போகாமல், கன்னியக்கோயில், தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பத்திலேயே இறங்கிவிடுவோம். தேரைப் பார்த்து முடித்ததும் காக்காயந்தோப்பில் உள்ள உறவினர் வீட்டில் படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்த பிறகு, பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேட்டுக்குப் போவது எங்கள் வழக்கம்.

அரிக்கமேடு அங்கிருந்து மிக அருகில், ஆற்றங்கரையில் இருக்கிறது. போகிறவர்களில் பலர் "ஒன்றுமே இல்லையே" என்று ஏமாந்து திரும்புவதால், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து உரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகளையும் இத்தாலிய மட்கலங்களையும் கண்டெடுத்த குழிகள் பின்னர் மூடப்பட்டுவிட்டன. இப்போது நிற்கும் செங்கல் சுவர், 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவக் குருமார் இல்லத்தின் எச்சம். அதைப் பலர் உரோமானியக் கட்டடம் என்று தவறாகச் சொல்கிறார்கள். மண்ணில் பழைய பாசிமணி ஏதேனும் தென்பட்டாலும் எடுக்கக்கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே கிடைத்த மணிகளையும் சாடிகளையும் பார்க்க விரும்பினால், மறுநாள் பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 3: தவளக்குப்பம்

கூழைப் பற்றி ஒரு சொல். கேழ்வரகு என்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று பலர் இரண்டு சொம்பு குடித்துவிடுகிறார்கள்; அதில் அரிசி நொய்யும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். என் தாயாருக்கு அரை டம்ளர் கூழும் நிறைய முருங்கைக்கீரையும் தருவேன். வேளை மாத்திரையைக் கைப்பையிலேயே எடுத்து வாருங்கள். கூட்டத்தில் வண்டிக்குத் திரும்பிப் போய் எடுப்பது நடவாத காரியம்.

கேட்பவர்: முத்தியால்பேட்டை வாசகி

போய் வந்துவிட்டோம். மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நான்கரை மணிக்குப் புறப்பட்டதால் நெரிசல் எதுவும் இல்லை. திருப்பத்துக்கு முன்பாக ஒரு வீட்டில் திண்ணை கேட்டபோது, அந்த வீட்டு அம்மாள் திண்ணையில் கிடந்த வலைக் குவியலை ஒதுக்கிவிட்டு, என் தோழிக்கு முதுகு சாய ஒரு தலையணையும் கொண்டுவந்து கொடுத்தார். தேர் முனையில் நின்ற அந்தச் சில நிமிடங்களில் அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கருகிய மரவாடையைப் பற்றி ஊருக்குப் போன பிறகும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூழ் அரை டம்ளரோடு நிறுத்தினாள், ஆனால் உப்பில் ஊறிய மோர் மிளகாயை மூன்று தின்றாள்.

அரிக்கமேட்டுக்கு ஐந்து மணிக்குச் சென்றோம். செங்கல் சுவரின் உண்மையை முன்பே அறிந்திருந்ததால் ஏமாற்றம் இல்லை. ஆற்றைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். இருட்டியதும் கடைவீதிக்குத் திரும்பி, சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஆளுக்கு இரண்டு பஜ்ஜி வாங்கினோம். இராட்டினத்தில் ஏற வேண்டாம் என்று நான் தடுத்ததில் மட்டும் அவளுக்கு வருத்தம். திண்ணை கொடுத்த அம்மாளுக்கு, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பருத்திச் சேலை அனுப்பியிருக்கிறாள். நாளை அதைக் கொடுக்க நான் வீராம்பட்டினம் போகிறேன்.