மெயின்ஃபிரேமில் (வங்கி போன்ற இடங்களில் ஓடும் பெரிய கணினியில்) வேலையைச் சுலபமாக்க என்ன வைத்திருக்கிறீர்கள்?

கெடிலக்கரை:
கடலூரில் வீட்டிலிருந்தே வேலை, கோபோல் மொழி புரோகிராம்களுக்கு சப்போர்ட். ஒரு ஃபீல்டு (தரவின் பெயர்) எந்தெந்த மெம்பரில் (லைப்ரரிக்குள் இருக்கும் ஃபைலில்) வருகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. போதாக்குறைக்கு மழை பெய்தால் கரண்ட் போகும், கூடவே விபிஎன்னும் போகும். நேற்று நாற்பது வரி மாற்றி வைத்திருந்தேன், சேவ் செய்யும் முன் எல்லாம் போச்சு. காசு போட்டு டூல் எதுவும் வாங்கித் தரமாட்டார்கள். என்ன செய்யலாம்?

பாண்டி பச்சைத்திரை:
தம்பி, மெயின்ஃபிரேமில் நாம் எடிட் செய்யும் ஐஎஸ்பிஎஃப் திரையிலேயே பாதி இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. அதன் மெனுவில் 3.4-இல் லைப்ரரியைத் திறந்து, மெம்பர் லிஸ்டில் சர்ச்ஃபார் என்று போட்டு ஃபீல்டு பேரைக் கொடுங்கள், எதிலெல்லாம் இருக்கிறதோ அந்த மெம்பர்களைக் காட்டிவிடும். உள்ளே போனதும் எக்ஸ் ஆல், அப்புறம் ஃபைண்ட் போட்டுக் கடைசியில் ஆல், அந்த வரிகள் மட்டும் நிற்கும். சாக்-7 (எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருப்பதால் புரோகிராம் நின்றுபோகும் பிழை) வந்தால் டேட்டா ஃபைலில் ஹெக்ஸ் ஆன் போட்டு ஒவ்வொரு எழுத்தின் பதினறும எண்ணையும் பாருங்கள், எண்ணைச் சுருக்கி வைக்கும் காம்ப்-3 ஃபீல்டில் 40 40 என்று ஸ்பேஸ் உட்கார்ந்திருக்கும், என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி அதுதான்.

கரண்ட் விஷயத்துக்கு, எடிட்டில் ரெகவரி ஆன். செஷன் செத்தாலும் மறுபடி எடிட்டுக்குள் போகும்போது விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று அதுவே கேட்கும். ஆனால் டேட்டாசெட் (மெயின்ஃபிரேம் ஃபைல்) பேரின் கடைசித் துண்டுக்கு ஒரு புரொஃபைல் (எடிட் அமைப்பு), அதனால் கோபோலுக்குப் போட்டது ஜேசிஎல்லுக்கு (ஜாப் ஓட்டச் சொல்லும் வரிகளுக்கு) வராது, தனியாகப் போட வேண்டும். நான் இதில் ஒரு முறை அழுதிருக்கிறேன்.

ரெயின்போ நகர்:
அண்ணே சொல்வது சரிதான், இருந்தாலும் 2018-இல் வந்த, மெயின்ஃபிரேமை வெளியிலிருந்தே பயன்படுத்த உதவும் சோவியை விட்டுவிட்டாரே! இலவசம், ஓப்பன் சோர்ஸ். நம் கணினியில் ஓடும் விஎஸ் கோடு எடிட்டரில் சோவி எக்ஸ்ப்ளோரர் போட்டால் டேட்டாசெட், ஜாப் அவுட்புட் எல்லாம் பக்கத்திலேயே மரம் மாதிரி விரியும். பெரிய புரோகிராமைப் படிக்க எனக்கு அதுதான் வசதி.

பாண்டி பச்சைத்திரை:
போடலாம், ஆனால் மெயின்ஃபிரேம் பக்கம் இசட்-ஓஎஸ்எம்எஃப் என்ற சர்வர் ஓடினால்தான் பொதுவாக அது பேசும். முதலில் சிஸ்டம் புரோகிராமரைக் கேளுங்கள்.

கெடிலக்கரை:
கேட்டேன் அண்ணே. டிக்கெட் போடச் சொன்னார். சர்ச்ஃபாரில் பதினொரு மெம்பர் சிக்கியது, அதில் மூன்று எனக்குத் தெரியவே தெரியாது. ரெகவரி இரண்டுக்கும் போட்டாச்சு, வெளியே இடி இடிக்கிறது.