‘கெட்’ என்னும் வினைச்சொல்லுக்கு அடிப்பொருள் ஒன்று உண்டா?

கேள்வி:

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது என்னை மிகவும் தடுமாறவைக்கும் சொல் ‘கெட்’. ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் கடிதம் கிடைத்தது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்றால் எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் அடியில் ஒரே பொருள் இருக்கிறதா, அல்லது ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்வதுதான் வழியா? மேலும், ‘ஹி வாஸ் ஃபயர்ட்’, ‘ஹி காட் ஃபயர்ட்’ ஆகிய இரண்டுக்கும் வேறுபாடு உண்டா?

மறுமொழி 1:

அடிப்பொருள் ஒன்றுதான்: கைக்கொள்ளுதல். வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தில் அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து இச்சொல் வந்தது. பழைய ஆங்கிலத்திலும் இதன் உறவுச்சொல் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் முன்னொட்டோடு சேர்ந்தே வழங்கியது, அதன் முதலெழுத்தும் யகரம்போல் ஒலித்தது. இன்று நாம் ககர ஒலியோடு சொல்வது நார்ஸ் மொழியின் செல்வாக்கினால்தான். ‘ஃபர்கெட்’ என்பதில் இருப்பதும் இதே வேர்தான். கையில் இருந்ததை நழுவவிடுவதே மறத்தல்.

பற்றுதல் என்று பொருள்படும் ‘ப்ரெஹெண்டெரே’ என்னும் லத்தீன் வினையும் இதே தொல்வேரிலிருந்து கிளைத்தது. ‘காம்ப்ரிஹெண்ட்’ அதன் வழி வந்த சொல். பற்றுதல் புரிதலாவது நமக்கும் புதிதன்று. ‘எனக்கு அது பிடிபடவில்லை’ என்று நாமே சொல்கிறோமே. ‘ஆகுதல்’ என்ற பொருளுக்கு ‘அடை’ என்னும் நம் வினையை எண்ணிப்பாருங்கள்: கரையை அடைகிறோம், பரிசை அடைகிறோம், வியப்பும் அடைகிறோம். இடம், பொருள், நிலை மூன்றுக்கும் தமிழில் ஒரே வினை பொருந்துமானால் ஆங்கிலத்தை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

மறுமொழி 2:

இரண்டாவது வினாவுக்கு என் விடை. வேறுபாடு உண்டு. ‘த விண்டோ வாஸ் ப்ரோக்கன்’ என்னும் தொடர், சன்னல் உடைந்திருந்தது என்ற நிலையையும் குறிக்கலாம், உடைக்கப்பட்டது என்ற நிகழ்ச்சியையும் குறிக்கலாம். ‘காட் ப்ரோக்கன்’ என்றால் நிகழ்ச்சி மட்டுமே. அதனுடன், நிகழ்ந்தது எழுவாயைப் பாதித்தது என்ற குறிப்பும், சில இடங்களில் அதற்கு அவரே ஓரளவு காரணம் என்ற சாயலும் சேர்ந்துகொள்ளும். ‘காட் ப்ரமோட்டட்’ போன்ற நல்ல செய்திகளுக்கும் இது வரும். எனினும் அடிபடுதல், பிடிபடுதல், வேலையிழத்தல் போன்றவற்றில்தான் மிகுதியாகக் காண்கிறோம்.

இதில் எனக்குச் சுவையாகத் தோன்றுவது, பெறுதல் என்னும் பொருளுள்ள வினை செயப்பாட்டுக்குத் துணையாவது தமிழிலும் உண்டு என்பதே. ‘நூல் வெளியிடப்பட்டது’ என்பதை ‘வெளியிடப்பெற்றது’ என்றும் எழுதுகிறோம். ஆனால் மதிப்பு தலைகீழாகிவிடுகிறது: நம் ‘பெறு’ மேடைக்கும் அழைப்பிதழுக்கும் உரிய மரியாதைச் சொல்; அவர்களுடைய ‘கெட்’ பேச்சுநடையைச் சேர்ந்தது, ஆகவே ஆய்வுக்கட்டுரைகளிலும் அலுவல் கடிதங்களிலும் அதைத் தவிர்ப்பார்கள். வேலைநீக்கத்தை ‘நீக்கப்பெற்றார்’ என்று மொழிபெயர்த்தால் வாழ்த்துச் சொன்னதுபோல் ஆகிவிடும்; அங்கே ‘படு’தான் பொருந்தும்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ‘பிடிபடு’ என்ற ஒப்புமை என் குழப்பத்தில் பாதியைத் தீர்த்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு ஐயம்: ‘ஹாவ்’ சேரும் இடங்களில் ‘காட்’டுக்குப் பதிலாக அமெரிக்கர்கள் எழுதும் ‘காட்டன்’ என்னும் வடிவம் பிழையா?

மறுமொழி 3:

பிழையன்று. (பருத்தித் துணியோடு குழப்பிக்கொள்ளாதிருந்தால் சரி!) அது பழைய வடிவம், பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்தது, அமெரிக்காவில் நிலைத்தது. பிரிட்டிஷாரும் ‘ஃபர்காட்டன்’, ‘இல்-காட்டன்’ (தவறான வழியில் ஈட்டிய) ஆகியவற்றில் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கு அது உதவியும் செய்யும். அமெரிக்கர் ‘ஐ ஹாவ் காட் எ கார்’ என்றால் அவரிடம் கார் இருக்கிறது. ‘ஐ ஹாவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறார். பிரிட்டிஷ் எழுத்தில் இரண்டுக்கும் ‘காட்’ என்றே வருவதால், இருப்பதைச் சொல்கிறாரா, கிடைத்ததைச் சொல்கிறாரா என்று முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.