கண்டிகோட்டா போகிறீர்களா? ராத்திரி மேலேயே தங்குங்கள்

ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் இருக்கிற கண்டிகோட்டா கோட்டையை, பக்கத்து ஊரான ஜம்மலமடுகுவில் ரூம் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டிருந்தவருக்கு, என் ஓட்டு வேண்டாம் என்பதற்குத்தான். ஊரிலிருந்து கோட்டைக்கு 15 கிலோமீட்டர்தான், தூரம் பிரச்சினையே இல்லை. ஆனால் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டியது பொழுது விடியும்போதும் சாயும்போதும், அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது, ஆட்டோக்காரரோ காத்திருக்கவும் சேர்த்துத்தான் காசு கேட்பார், அதில் நியாயமும் இருக்கிறது. ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஹோட்டல் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சனி ஞாயிறு என்றால் முன்பே புக் பண்ணிவிடுங்கள்.

ரயிலில் வந்தால் முத்தனூர் ஸ்டேஷனில் இறங்கலாம். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, கடப்பாவில் இறங்கி பஸ் பிடிப்பது நிம்மதி.

கோட்டைக்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மாதவராயர் கோயில் கோபுரம், ஜாமியா மசூதி, அதை ஒட்டிய பழைய தானியக் களஞ்சியம் எல்லாம் தாண்டிப் பாறைகள்மேல் ஏறி இறங்கிப் போனால் சட்டென்று கீழே ஆறு. செங்கல் அடுக்கின மாதிரி சிவப்புப் பாறை, கம்பி வேலி கிடையாது. நாங்கள் நின்றிருந்தபோது பையன்கள் சிலர் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கம்பைப் பாறையில் தட்டித் தெலுங்கில் போட்ட சத்தத்தில் அவர்கள் மட்டுமில்லை, நாங்களும் நாலடி பின்னால் வந்துவிட்டோம். அப்புறம் அவரே எந்தப் பாறை ஆடும், எது ஆடாது என்று கம்பால் தட்டித் தட்டிக் காட்டினார். காசு நீட்டினோம், வாங்கவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டார். குழந்தைகளோடு போகிறவர்கள் கையை விடாதீர்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சரி. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், ராயலசீமை வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அந்தப் பாறையில் கையை வைக்க முடியாது.

மறுநாள் பேலம் குகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுமார் 60 கிலோமீட்டர். மொத்த நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல், நம்மை விடுவது பாதி தூரம்தான், அதுவே போதும், உள்ளே புழுக்கத்தில் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வழியில் ராகி சங்கட்டியும் (நம்ம கேழ்வரகுக் களி மாதிரி) நாட்டுக்கோழிப் புலுசும் (குழம்பு) கிடைக்கிற கடை கண்ணில் பட்டால் நிறுத்திவிடுங்கள், குகைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு அவ்வளவாக வழியில்லை.