ஹம்பி, பாதாமி, பிஜாப்பூர்: 5 நாளும் கூடவே வரும் வழிகாட்டி வேண்டுமா, வேண்டாமா?

செங்கல்தேர்:
ஜனவரியில் ஹொஸ்பேட்டில் தொடங்கி வட கர்நாடகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர எண்ணம். அப்பா, அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகள், நான். ஒரு பயண நிறுவனம் கொடுத்த திட்டம் இது: முதல் 2 நாள் ஹம்பி. 3ஆம் நாள் ஐஹொளெ, பட்டதகல் பார்த்துவிட்டு இரவு பாதாமி. 4ஆம் நாள் காலை குகைகள், மதியத்துக்கு மேல் பிஜாப்பூர். 5ஆம் நாள் அங்குள்ள சுல்தான்களின் கல்லறை மாளிகைகளான கோல் கும்பஸ், இப்ராகிம் ரௌசா, அப்புறம் ஊர் திரும்பல். வண்டி, ஓட்டுநர், 5 நாளும் கூடவே வரும் ஒரு வழிகாட்டி.

வழிகாட்டி வீண் செலவு என்று தெரிந்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் இந்த ஊர்களைப் பார்த்து என்ன பயன்? மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மேகுடிப்படி:
என் கருத்து, வேண்டாம். செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, 3ஆம் நாள்தான் உறுத்துகிறது. ஹொஸ்பேட்டிலிருந்து ஐஹொளெ போய்ச் சேரவே காலைப் பொழுதில் பாதி போய்விடும். அப்புறம் துர்கா கோயில், லாட்கான் கோயில், மதியச் சாப்பாடு, பட்டதகல். இந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது எது தெரியுமா? ஐஹொளெ குன்றின் மேல் உள்ள மேகுடி சமணக் கோயில். படியேற வேண்டும் என்பதால் குழுவாக வருகிறவர்களைக் கீழேயே நிறுத்தி, "மேலே ஒரு பழைய கோயில் இருக்கிறது" என்று கை காட்டிவிட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள்.

அந்தக் கோயிலின் கிழக்குச் சுவரில்தான் கவிஞர் ரவிகீர்த்தியின் கல்வெட்டு இருக்கிறது. சக ஆண்டு 556, அதாவது கி.பி. 634. பாதாமியை ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளைப் பாடும் அந்தச் சமஸ்கிருதக் கவிதையில், அவன் படை கிளப்பிய புழுதியில் மங்கிப்போன பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்தான் என்று வருகிறது. வடமொழிக் கவிஞர்கள் காளிதாசன், பாரவி ஆகிய இருவரின் பெயரும் அதிலேயே உண்டு. தமிழ்நாட்டிலிருந்து அத்தனை தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கூடவே வரும் வழிகாட்டி என்றால் அவருடைய கடிகாரத்தின்படிதான் நீங்கள் நடக்க வேண்டியிருக்கும்.

தேர்வீதி:
படியேறாமல் விட்டது திட்டம் போட்டவரின் குறை. அதை வழிகாட்டியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஹம்பி விட்டலர் கோயில் கல்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள். நல்ல வழிகாட்டி உங்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, முன்னால் இருக்கும் இரண்டு யானைகளுக்குப் பின்புறம் பார்க்கச் சொல்வார். அங்கே குதிரையின் பின்னங்கால்கள் தெரியும். முதலில் தேரை இழுத்தவை குதிரைகள், யானைகள் பிற்காலத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டவை என்பது அந்த இடத்திலேயே புரிந்துவிடும். 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் இந்தத் தேரின் மேல் செங்கல் விமானம் இருக்கிறது. இன்றைக்கு அது இல்லை. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதையும் பாருங்கள், அதையும் பாருங்கள்" என்று காட்டுகிற வழிகாட்டியை நான் பார்த்திருக்கிறேன். விருபாட்சர் கோயிலில் இருட்டறைச் சுவரில் கோபுரம் தலைகீழாக விழுவதும் அப்படித்தான். யாராவது கூட்டிக்கொண்டு போனாலொழிய அந்த அறையைத் தாண்டிப் போய்விடுவோம். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு ஒளியியல் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

மேகுடிப்படி:
அப்படிப்பட்டவர் கிடைத்தால் நானும் கும்பிடுவேன். எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. பாதாமியில் நின்றுகொண்டு, "பல்லவப் படைத்தலைவர் பரஞ்சோதி இங்கிருந்துதான் கணபதியைத் திருச்செங்காட்டங்குடிக்குக் கொண்டுபோனார்" என்று தமிழ்க் குடும்பங்களிடம் அடித்துச் சொல்கிறார்கள். கேட்க நமக்கு இனிக்கிறது. ஆனால் பெரியபுராணம் சிறுத்தொண்டர் (அந்தப் பரஞ்சோதிதான்) வாதாபியை, அதாவது பாதாமியை, அழித்ததையும், அங்கிருந்து செல்வமும் யானை குதிரைகளும் கொண்டுவந்ததையும் சொல்கிறதே தவிர, பிள்ளையார் சிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செவிவழிக் கதையைச் செவிவழிக் கதை என்று சொன்னால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதே பாதாமியில் 642இல் நகரைப் பிடித்த பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் கல்வெட்டு பாறையில் சிதைந்த நிலையில் இருக்கிறது. அதைக் காட்டுங்கள் என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். கதை வேண்டாம், கல்லைக் காட்டுங்கள் என்பதுதான் என் வாதம்.

மேகலை:
இருவரும் வரலாற்றையே பேசுகிறீர்கள். முழங்கால் வலி உள்ள மாமியாரை அழைத்துக்கொண்டு இதே சுற்றுக்குப் போய்வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வழிகாட்டியின் அருமை வேறு இடத்தில் தெரிந்தது. விட்டலர் கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து பேட்டரி வண்டி, அதற்கு வரிசை. அங்கே வாங்கும் நுழைவுச்சீட்டு அன்று மட்டும் தாமரை மகால் வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும் என்பது தெரியாவிட்டால் மறுநாள் திரும்ப வாங்கவேண்டியதுதான். பாதாமிக் குகைகளுக்குப் படிகள் செங்குத்து, போதாக்குறைக்குக் குரங்குகள். கையில் பை, தின்பண்டம் எதுவும் இருக்கக்கூடாது. முதல் குகையில் பதினெட்டுக் கை நடராசரை மாமியார் பார்த்துவிட்டார், அதற்கு மேல் ஏறவில்லை. "அம்மா இங்கேயே நிழலில் இருக்கட்டும், மற்றவர்கள் மேலே போய்வாருங்கள், நான் துணைக்கு இருக்கிறேன்" என்று வழிகாட்டிதான் சொன்னார். மேலே மூன்றாம் குகையில் 578ஆம் ஆண்டுக் கல்வெட்டையும், பாம்பணை மேல் அமர்ந்த விஷ்ணுவையும் நாங்கள் நிம்மதியாகப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

பெரியவர்களோடு போகிறவர்கள் "தனியாகவே சமாளிக்கலாம்" என்ற பேச்சைக் கேட்க வேண்டாம்.

நீள்சாலை:
ஓட்டுநர் தரப்பிலிருந்து ஒன்று. ஹொஸ்பேட்டிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 50 பிடித்து, குஷ்டகி, இல்கல் தாண்டி, ஹுங்குந்தில் திரும்பி அமீனகட் வழியாக வந்தால் முதலில் ஐஹொளெ, அடுத்து பட்டதகல், கடைசியில் பாதாமி. போன வழியே திரும்ப வேண்டாம். விடிகாலையில் கிளம்பினால் மேகுடிக்கும் நேரம் கிடைக்கும்.

வழிகாட்டி விஷயத்தில் நான் மேகுடிப்படி பக்கம். ஹம்பியில் மாநிலச் சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உள்ளவர்கள் கோயில் பக்கத்திலேயே கிடைக்கிறார்கள். அந்தந்த ஊரில் அந்தந்த ஊர்க்காரரைப் பிடியுங்கள். ஹம்பிக்காரர் பிஜாப்பூரில் உங்களைப் போலவே ஒரு பயணிதான்.

செங்கல்தேர்:
இங்கேதான் நான் உடன்படவில்லை. ஊருக்கு ஒருவர் என்றால் ஒவ்வொருவரும் தன் ஊர்க் கதையைத் தன் ஊரோடு முடித்துவிடுவார். என் மகளுக்கு இந்த ஊர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது புரிய வேண்டும். புலிகேசி காஞ்சிக்கு வந்தான், நரசிம்மவர்மன் பாதாமிக்குப் போனான். நூறு ஆண்டு கழித்து சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பட்டதகலில் கட்டியதுதான் இன்றைய விருபாட்சர் கோயில். அந்தக் கோயிலைப் பார்த்தால் காஞ்சி கைலாசநாதர் கோயில் நினைவுக்கு வரும். தோற்ற ஊரின் கோயிலை மாதிரியாக வைத்துத்தான் வென்றவர்கள் கட்டியிருக்கிறார்கள். இதை ஒரே ஆள் முதல் நாளிலிருந்து தொடர்ந்து சொல்லிவந்தால்தானே மனதில் நிற்கும்?

மேகுடிப்படி:
சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அதே விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு காஞ்சி கைலாசநாதர் கோயில் தூணிலேயே இருக்கிறது, கோயில் செல்வத்தைக் கவராமல் திருப்பிக் கொடுத்ததாக. கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் காஞ்சிக்கு அழைத்துப்போய் அதைக் காட்டுங்கள். அப்புறம் பட்டதகல் வாசலில் குண்டன் என்ற சிற்பியைப் புகழும் கல்வெட்டில், காஞ்சியை மூன்று முறை வென்றவன் என்று விக்கிரமாதித்தனைச் சொல்லும் வரி வரும்போது அவளே உங்களுக்கு விளக்குவாள். தொடர்பைக் கட்டுவது வீட்டு வேலை. வாடகைக்கு வருகிறவரிடம் அதை ஒப்படைக்கக்கூடாது.

இன்னொன்று. பிஜாப்பூரை இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, பாதாமிக்கு முழுதாக 2 நாள் கொடுங்கள். மாலை வெயிலில் அகத்தியர் குளத்தங்கரையில் பூதநாதர் கோயில் பக்கம் உட்கார்ந்தாலே போதும்.

தேர்வீதி:
பிஜாப்பூரை எடுக்கச் சொல்வதைக் கடுமையாக மறுக்கிறேன். ஹம்பியின் கதை 1565இல் விஜயநகரம் தோற்ற தலைக்கோட்டைப் போரோடு முடிகிறது என்றால், வென்ற தரப்பில் ஒருவரான பிஜாப்பூர் சுல்தான்கள் அடில்ஷாகிகள் அதற்குப் பிறகு என்ன கட்டினார்கள் என்று பார்க்க வேண்டாமா? பாதிக் கதையோடு பிள்ளையை ஊருக்குத் திரும்ப அழைத்துவருவது எந்த வகையில் சரி? கோல் கும்பஸின் குவிமாடம் வெளி விட்டத்தில் ஏறக்குறைய 44 மீட்டர். உள்ளே அதைத் தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் வளைவுகள்தான். ஆனால் திறந்த உடனே போய்விடுங்கள். பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்துவிட்டால் எதிரொலி மாடத்தில் விசிலும் கூச்சலும்தான் கேட்கும், சுவரோரம் பேசும் மெல்லிய குரல் மறுபக்கத்தில் கேட்கிற அதிசயம் கிடைக்காது. பெரியவர்களுக்கு அந்தக் குறுகிய படிகள் ஆகாது. அவர்களை இப்ராகிம் ரௌசாவில் உட்கார வையுங்கள். ஒரே மேடையில் கல்லறையும் மசூதியும் எதிரெதிரே நிற்கும். கல்லறைச் சன்னல்களில் எழுத்துகளையே சல்லடையாகச் செதுக்கியிருக்கிறார்கள், வெளிச்சம் அந்த எழுத்துகளின் ஊடாக உள்ளே வரும்.

செங்கல்தேர்:
பிஜாப்பூர் இருக்கிறது, எடுக்கவில்லை. காஞ்சிக்குப் பொங்கலுக்கு முன்னால் போய்வருகிறோம். 3ஆம் நாள் விடிகாலை கிளம்பவும், மேகுடியைச் சேர்க்கவும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். 5 நாளும் ஒரே வழிகாட்டி என்பதில் மாற்றமில்லை. ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் அவரிடமே தொலைபேசியில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் கேள்வி, பாதாமியில் நரசிம்மவர்மன் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்பதுதான்.

மேகுடிப்படி:
பதில் தெரியவில்லை என்று சொன்னால்?

செங்கல்தேர்:
வேறு ஆளைக் கேட்பேன். வழிகாட்டியே வேண்டாம் என்று மட்டும் சொல்லமாட்டேன்.