புதுப்பிப்பு: துணிப் பூசணி – வரி பதியாதது, அடி ஓட்டை, காம்பு

இலையுதிர் கால அலங்காரத்துக்கான துணிப் பூசணிக்கு 60×30 செ.மீ. துணி என்று முதல் பதிவில் அளவு கொடுத்திருந்தேன். துணியைக் குழாயாகத் தைத்து, அடியைச் சுருக்கி, பஞ்சடைத்து, மேல்வாயையும் சுருக்கி, நூலை மேலும் கீழுமாகச் சுற்றி இழுத்துப் பூசணியின் பள்ளக் கோடுகளை, அதாவது வரிகளை, உண்டாக்குவதுதான் முறை. அதைத் தைத்துப் பார்த்தவர்கள், அளவை மாற்ற வேண்டுமா, அடி ஓட்டை ஏன் மூடவில்லை, வரி ஏன் பதியவில்லை, காம்பை எப்படி ஒட்டுவது என்று கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அளவில் மாற்றமில்லை. நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு, அவ்வளவுதான். இழுபடும் துணியானால் இழுவை 60 செ.மீ. பக்கமாக இருக்கட்டும்.

அடி ஓட்டை மூடாததற்குக் காரணம் பொடித் தையல். ஓட்டுத்தையலை (ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டும் தையல்) 1 செ.மீ. இடைவெளியில் போடுங்கள், சிறு தையலில் சுருக்கம் நெருங்கி வராது. சாதாரண நூல் சுருக்கும்போது அறுந்துவிடும். மெத்தை தைக்கும் தடித்த நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள்.

வரி பதியாதவர்களில் பெரும்பாலோர் பஞ்சைக் குறைவாக அடைத்திருக்கிறார்கள். தளர்ந்த பூசணியில் நூல் இழுத்தால் பள்ளம் விழாது, உருவமே கோணும். கைக்குக் கெட்டியாகும்வரை அடைத்து, மேல்வாயைச் சுருக்கிய பிறகே வரி போடுங்கள். 8 வரிக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நூல் போகும். ஒரே நூலாக எடுத்தால் சிக்கு விழும். நான்கு நான்கு வரியாகப் பிரித்து, எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி இழுத்தால் ஒருபுறம் சாயாது. ஊசி 15 செ.மீ. நீளமாவது வேண்டும்.

மேலே ஒட்டுவது நிஜப் பூசணிக் காம்பானால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். வெல்வெட்டில் சூடான பசை வழிந்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். பசையைக் காம்பின் அடியில் தடவி, சில நொடி ஆறவிட்டு அழுத்துங்கள்.